இளஞ்சிவப்பு மயில்

மகளின் பள்ளியில் தேசியப் பறவையைப் பற்றி ஒரு சார்ட் கேட்டிருந்தார்கள். கேட்டது திங்கட்கிழமை. அவள் எங்களிடம் சொன்னது வியாழன் இரவு எட்டரை மணிக்கு. கொண்டுபோக வேண்டியது வெள்ளி காலை. வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் நல்ல மயில் படமாகத் தேடிப் பிரிண்ட் கொடுத்தேன். வெளியே வந்த மயிலின் கழுத்து இளஞ்சிவப்பாக இருந்தது. தோகை மஞ்சள். “அப்பா, இது மயில் இல்ல, ஃபிளமிங்கோ” என்றாள் மகள்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஹெட் கிளீனிங் கொடுத்தேன். பிரிண்ட் எடுத்தேன். மறுபடி இளஞ்சிவப்பு. மறுபடி கிளீனிங். மூன்றாவது முறை முடிந்தபோது, அதுவரை ஒழுங்காக இருந்த கறுப்பிலும் வெள்ளைக் கோடுகள் விழ ஆரம்பித்திருந்தன. ஒன்பதே முக்காலுக்குப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஓடி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்த ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி, ஒரு கலர் பிரிண்ட் வாங்கிவந்தேன்.

சனிக்கிழமை வந்த சர்வீஸ்காரர் பிரிண்டரைத் திறக்கவே இல்லை. “முதல்ல ஒரு நாசில் செக் ஷீட் எடுங்க சார்” என்றார். தாள் வந்தது. நான்கு நிறங்களில் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டுபோல இறங்கின. கறுப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல் விழுந்த இடைவெளி. சயான் படிக்கட்டில் பாதிக்கு மேல் படிகளே இல்லை. மெஜந்தா முழுசாக இருந்தது. மஞ்சள்? வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு இருக்கிறதா, இல்லையா என்பதை எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அவர் போனை எடுத்து, திரை முழுக்க ஒரே நீலமாக ஒரு படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டினார். “டியூப் லைட்டை ஒரு நிமிஷம் அணைங்க.” இருட்டில் அந்த நீல ஒளியைத் தாளின்மேல் பிடித்ததும், இல்லாததுபோல் இருந்த மஞ்சள் கோடுகள் அத்தனையும் கன்னங்கரேலென்று எழுந்து நின்றன.

மந்திரம் ஒன்றுமில்லை. மஞ்சள் மை செய்கிற வேலையே நீல ஒளியை விழுங்குவதுதான். பகல் வெளிச்சத்தில் அது நீலத்தை மட்டும் விழுங்கிவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் திருப்பித் தருகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. அறையில் நீலத்தைத் தவிர வேறு ஒளியே இல்லாவிட்டால் திருப்பித் தர அதனிடம் ஒன்றுமிருக்காது. அதனால் கறுப்பு. சயான் சிவப்பை விழுங்கும், மெஜந்தா பச்சையை விழுங்கும். பிரிண்டரின் வண்ணக் கணக்கு முழுவதும் கழித்தல் கணக்கு. மயில் கழுத்தின் நீலம் என்று பிரிண்டர் போடுவது சயானும் மெஜந்தாவும் கலந்த கலவை. அதில் சயான் வராமல் போனால் மிச்சம் மெஜந்தா. தோகையின் பச்சை என்பது சயானும் மஞ்சளும். அதிலும் சயான் போனால் மஞ்சள். ஆக, என் கெட்டுப்போன மயில் வாய்விட்டே சொல்லியிருக்கிறது, ‘எனக்குச் சயான் வரவில்லை’ என்று. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. (உண்மையான மயிலிறகில் நீலச் சாயம் என்று ஒன்றுமே கிடையாது. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் குச்சிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடைவெளிதான் நீலத்தையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. திருப்பிப் பார்த்தால் இறகு நிறம் மாறுவது அதனால்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரிண்டரும் அங்கே தோற்றுத்தான் போகும்.)

அந்தப் படிக்கட்டுத் தாள், பள்ளியில் ஆஜர் எடுப்பது மாதிரி. ஒவ்வொரு குட்டிக் கோட்டையும், பிரிண்டர் ஹெட்டில் மை வெளிவரும் ஒரே ஒரு துளை தனியாக வரைகிறது. நாசில் என்பது அதுதான். “உள்ளேன் ஐயா” என்று ஒவ்வொரு துளையும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது. கோடு இல்லாத இடத்தில் ஆள் வரவில்லை. எங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற எப்சன் டாங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்புக்கு 180 துளைகள், மற்ற மூன்று நிறங்களுக்குத் தலைக்கு 59. மயிலின் நீலம் முழுவதும் சயானின் அந்த 59 துளைகளின் தயவு.

துளை என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒன்று. அதிலிருந்து கிளம்பும் துளியை பிக்கோலிட்டரில் அளக்கிறார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு அது. வீட்டுப் பிரிண்டரின் துளி இரண்டு, மூன்று, நான்கு பிக்கோலிட்டர் இருக்கும். கண்ணில் விடும் சொட்டு மருந்தின் ஒரே ஒரு சொட்டை மையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து இந்த இயந்திரம் ஒன்றரைக் கோடித் துளி போட்டுவிடும்.

இவ்வளவு சின்னத் துளியைத் துளையைவிட்டுத் துரத்துவது எப்படி? பிழிந்தால் வராது. அந்த அளவில் பரப்பு இழுவிசை மையைத் துளைக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 1977இல் ஜப்பானில் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளரின் மேசையில், சூடான சால்டரிங் அயர்ன், மை நிரப்பிய ஊசியின் முனைமேல் தற்செயலாகப் பட்டது. ஊசி நுனியிலிருந்து மை பீய்ச்சியடித்தது. சூடு ஒரு குமிழை உண்டாக்கியது, குமிழ் மையைத் தள்ளியது. ‘பபிள் ஜெட்’ என்று பிறகு அவர்கள் வைத்த பெயர் அந்த விபத்தைத்தான் சொல்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஹியூலெட்-பேக்கர்ட்காரர்களும் தங்கள் வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1984இல் அவர்களுடைய ‘திங்க்ஜெட்’ கடைக்கு வந்தது. இந்த வகைப் பிரிண்டரில் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு குட்டி அடுப்பு இருக்கிறது. நொடியின் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் அது சுமார் 300 டிகிரிக்கு ஏறும். அதை ஒட்டிய மெல்லிய மைப்படலம் மட்டும் ஆவியாகிக் குமிழாக வெடிக்கும், துளி பறக்கும், குமிழ் அமுங்கும், அமுங்கும்போதே அடுத்த துளிக்கான மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. மீதி மை கொதிப்பதில்லை. கொதிக்க நேரமே கிடைப்பதில்லை.

எப்சன் வழி வேறு. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும் கண்டார்கள். அதைத் தலைகீழாக்கி மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும். அந்த நெளிவில் மை தள்ளப்படுகிறது. அடுப்பு கிடையாது, குமிழ் கிடையாது.

பிரிண்டர் சரியில்லை என்றால் இந்த வித்தியாசம் உடனே கைக்கு வந்துவிடும். அடுப்பு வகையில் பல மாடல்களில் துளைகள் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். அதைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து மடித்த டிஷ்யூமேல் ஒரு நிமிடம் மெல்ல அழுத்தி வைத்தால் உறைந்த மை இளகி, நிறக்கோடுகளாகத் தாளில் இறங்கும். அதற்கும் மசியாவிட்டால் புது கார்ட்ரிட்ஜ் போடலாம், துளையும் புதிதாகிவிடும். படிக வகையில் ஹெட் பிரிண்டரோடு பிறந்தது, பிரிண்டரோடு போவது. அதில் ஊசியும் சிரிஞ்சுமாகக் களம் இறங்குகிறவர்களின் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

அடைப்பு ஏன் வருகிறது என்று கேட்டேன். “எப்ப கடைசியா கலர் எடுத்தீங்க?” என்று திருப்பிக் கேட்டார் அவர். நினைவில்லை. மை பெரும்பாலும் தண்ணீர்தான். சீக்கிரம் காயாமலிருக்கக் கிளிசரால் மாதிரி சிலவற்றைச் சேர்த்திருப்பார்கள். வேலையில்லாதபோது ஹெட் வலது ஓரம் போய் ஒரு ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்துகொள்ளும். அந்த மூடிதான் அதைக் காப்பாற்றுகிறது. பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைத்தால் ஹெட் ஒழுங்காகப் போய் மூடியில் உட்கார்ந்த பிறகே விளக்கு அணையும். நான் எப்போதும் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுகிறவன். வேலை நடுவில் தட்டினாலும் கரன்ட் போனாலும் ஹெட் பாதி வழியில் வாய் திறந்தபடி நின்றுவிடும். ஏப்ரல் வெயிலில் இரண்டு நாள் அப்படி நின்றால் போதும்.

சரி, கிளீனிங் கொடுத்தால் சுத்தமாக வேண்டியதுதானே? அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. உள்ளே யாரும் கழுவுவதில்லை. அதே ரப்பர் மூடி துளைகளைக் கவ்விக்கொள்ள, அடியிலிருக்கும் பம்ப் மையை உறிஞ்சி இழுக்கிறது. இழுத்த மை எங்கே போகிறது? பிரிண்டரின் வயிற்றில் இருக்கும் ஒரு பஞ்சு மெத்தைக்கு. காசு கொடுத்து வாங்கிய மை ஒரு எழுத்துக்கும் உதவாமல் பஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது. எவ்வளவு போனது என்று பிரிண்டர் கணக்கும் வைத்துக்கொள்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு சொன்னால் ஒரு நாள் வேலைநிறுத்தம் அறிவித்துவிடும்.

என் மூன்று கிளீனிங்கில் இதைவிட மோசமான ஒன்றும் நடந்திருந்தது. அவர் இன்னொரு ஷீட் எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தார். சயானில் இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் படிகள் இல்லை. “இது காஞ்சு போனது.” கறுப்பில் இடைவெளிகள் இடம் மாறியிருந்தன. “இது காத்து சார். நீங்க இழுத்த இழுப்புல காத்து உள்ள வந்திருச்சு.” காய்ந்த மை நகராது. காற்றுக் குமிழ் நகரும். ஒரே தேர்வை இரண்டு முறை வைத்தே நோயைப் பிரித்துவிட்டார். சயானுக்கு ஒரே ஒரு கிளீனிங் கொடுத்துவிட்டு, “நாளைக்குக் காலைல வரைக்கும் இதைத் தொடவே கூடாது” என்று சொல்லிவிட்டார். சும்மா விட்டுவைப்பதும் வைத்தியம்தான். பன்னிரண்டு மணி நேரத்தில் குமிழ்கள் மையில் கரைந்தோ மேலேறியோ போய்விடுகின்றன. ஞாயிறு காலை ஷீட்டில் கறுப்பு வகுப்பு 180 பேரும் ஆஜர். சயானில் இருவர் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்களும் வந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ஓடாத ஸ்கூட்டரை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பதுபோல வாரம் ஒரு கலர் தாள் எடுத்துவிடுகிறேன்.

கோடு எந்தப் பக்கமாக விழுகிறது என்று பார்ப்பது அடுத்த பாடம். மை பிரிண்டரில் ஹெட் தாளின் குறுக்கே ஓடுகிறது. ஆகவே வராத துளை விட்டுச்செல்லும் வெள்ளைக் கோடு, எழுத்து வரிகளின் திசையில் படுக்கையாகத்தான் விழும். நெட்டுக்கோடு விழுந்தால் அடைப்பைச் சந்தேகிக்கவே வேண்டாம். நெட்டாக வரைந்த டேபிள் கோடு ரம்பப் பல்லாக வந்தாலும் அடைப்பு காரணமில்லை. அது வேறு கதை, எனக்குப் பிடித்த கதை.

ஓடும் சைக்கிளிலிருந்து பேப்பர் போடும் பையனைக் கவனித்திருக்கிறீர்களா? கேட்டுக்கு நேராக வந்து வீசினால் பேப்பர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கேட்டுக்குச் சற்று முன்னாலேயே வீசுவான். சைக்கிளின் வேகம் பேப்பரையும் கூட்டிப்போய் வாசலில் போடும். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அதே கணக்கு. பிரிண்டர் ஹெட் ஓடும்போதே துளியை விடுகிறது. தாள் ஒன்றரை மில்லிமீட்டர் கீழே, துளியின் வேகம் நொடிக்கு எட்டு மீட்டர் என்று வைத்தால், அது தாளைத் தொட நொடியின் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு நேரம் ஆகும். அதற்குள் நொடிக்கு அரை மீட்டர் ஓடும் ஹெட்டின் வேகம் துளியை 0.1 மில்லிமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். போகும்போது வலப்பக்கம் 0.1, வரும்போது இடப்பக்கம் 0.1. கணக்குப் பார்க்காமல் விட்டால் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவே 0.2 மில்லிமீட்டர் பிசகு, ஏறத்தாழ மூன்று தலைமுடி அகலம். நேர்கோடு ரம்பமாவது இதனால்தான். அலைன்மென்ட் ஷீட்டில் ‘எந்தக் கட்டம் ஒழுங்காகத் தெரிகிறது’ என்று நம்மிடம் கேட்பது, எவ்வளவு முன்னால் வீச வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான். தடித்த அட்டையை வைத்தால் தூரம் குறைந்து கணக்கு மாறிவிடும். அதற்காகத்தான் தாளின் வகையை முன்பே சொல்லச் சொல்கிறது.

வீசும் பையனுக்குத் தான் எந்த வீட்டருகே இருக்கிறோம் என்பது தெரிய வேண்டுமே? மூடியைத் திறந்தால் ஹெட்டின் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டிய ஒரு கண்ணாடி நாடா தெரியும். வெறும் பிளாஸ்டிக் என்று தோன்றும். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கோடுகள் நெருக்கமாக ஓடுவது தெரியும். ஹெட் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே ஓடுகிறது. அதில் மைப்புகையோ கிரீஸோ அப்பினால் எண்ணிக்கை தவறும். படம் நகரும், சில நேரம் ஹெட் போய்ச் சுவரில் முட்டும். லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்தால் போதும். “ஏதோ பேக்கிங் டேப்புன்னு நெனச்சு அறுத்துப் போட்டவங்க எல்லாம் இருக்காங்க சார்” என்றார்.

தாளைப் பற்றிப் பேசினால் முடியாது. கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் நம் ஊர்க் காப்பியர் தாளாக இருந்தாலும் சரி, மரக்கூழ்த் தாளாக இருந்தாலும் சரி, உள்ளே இருப்பவை நார்கள்தான். மை நார் வழியே ஓடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மெல்லிய மீசை முளைத்திருக்கும். போட்டோ தாளின் ஒரு பக்கம் மட்டும் மையைக் குடிக்கும் பூச்சு உண்டு. எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஈர விரலால் மூலையைத் தொட்டால் போதும், ஒட்டுகிற பக்கம்தான் சரியான பக்கம். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று கூப்பிடுகிறவர்களில் பலரின் வீட்டில் தாளைத் திருப்பி வைத்துவிட்டே திரும்பியதாக அவர் சொன்னார்.

லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே மையே இல்லை. 1938 அக்டோபர் 22ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டு வழியே வெளிச்சம் காட்டி, மேலே லைக்கோபோடியம் பொடியைத் தூவினார். ஊதியதும் தேதியும் ஊர்ப்பெயரும் பொடியில் எழுந்தன. ஈரமில்லாத எழுத்து. ‘உலர்ந்த’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயரைத்தான் நாம் தெருமுனைக் கடையில் ‘ரெண்டு ஜெராக்ஸ்’ என்று கேட்கிறோம். இன்று தகட்டுக்குப் பதில் உருளும் டிரம், பொடிக்குப் பதில் டோனர். டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி. கடைசியில் சூட்டு உருளைகளுக்கு நடுவே உருகித் தாளில் ஒட்டுகிறது. விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா, சூடு போதவில்லை.

லேசரில் படிக்க வேண்டியது தூரம். என் நண்பர் ஒருவர் பயோடேட்டா எடுத்தார். டிரம்மில் ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது. ‘பல ஆண்டு அனுபவம்’ என்ற வரியில் ‘ல’வின் தலைக்கு மேலே சரியாக ஒரு புள்ளி விழுந்து, ‘பல் ஆண்டு அனுபவம்’ ஆகிவிட்டது. மனிதர் சிவில் இன்ஜினியர். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியதால் படிப்பவர் திண்டாடினார்கள் என்பார்கள். இங்கே இயந்திரம் கேட்காமலே புள்ளி வைத்துத் திண்டாட வைத்தது. அந்தத் தாளை ஸ்கேலால் அளந்தோம். அதே நேர்கோட்டில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. சின்ன லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர். பையால் பெருக்கினால் சுற்றளவு 75. டிரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் காயம் ஒரு முறை தாளைத் தொட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் உருளைகளின் அளவுகள் வேறு வேறு. ஆகவே இடைவெளியை அளந்தால் எந்த உருளையில் குறை என்று திறக்காமலே தெரிந்துவிடும். பள்ளியில் படித்த பை எனக்கு இப்படி ஒரு நாள் பயன்படும் என்று நினைக்கவில்லை. தாளின் நீளம் முழுக்க ஒரே நெட்டுக்கோடு ஓடினால் அது சுற்றுக்கணக்கில் வராது. எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று, ஒரு கீறலோ சிக்கிய தூசியோ, அங்கே இருக்கிறது.

அந்த மயில் சார்ட் பரீட்சை முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்தது. கரன்ட் இல்லாத ஒரு இரவில், சர்வீஸ்காரரின் வித்தையை மகளுக்குக் காட்ட நீலத்திரையைத் திறந்து கடையில் எடுத்த மயிலின்மேல் பிடித்தேன். மயிலைச் சுற்றியிருந்த வெள்ளையில், எதுவுமே அச்சாகாத இடத்தில், ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். முதலில் டிரம் காயம் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. கட்டம் போட்டதுபோல் ஒழுங்காக நின்று, அதே அமைப்பு மறுபடி மறுபடி தாள் முழுக்க வந்தது. கலர் லேசர் இயந்திரங்கள் பலவும் தாங்கள் அச்சிடும் ஒவ்வொரு தாளிலும், கள்ளநோட்டுக்குப் பயந்து, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் தங்கள் அடையாளத்தை எழுதி வைக்கின்றன. 2005இல் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு, ஜெராக்ஸின் டாக்குகலர் வரிசை இயந்திரங்களின் புள்ளிக்கட்டத்தைப் படித்துக் காட்டியது. அச்சான தேதி, நேரம், இயந்திரத்தின் வரிசை எண் எல்லாம் அதில் இருந்தன. என் தாளில் உள்ளவற்றைப் படிக்க எனக்குத் தெரியாது. ஒன்பதே முக்கால் என்று இருக்கலாம்.

மகள் லென்ஸை வாங்கிப் புள்ளிகளை எண்ணினாள். பிறகு, தூக்கிப்போடாமல் வைத்திருந்த எங்கள் வீட்டு மயிலை எடுத்துவந்து அதே ஒளியில் காட்டினாள். அதன் ஓரங்களில் புள்ளி ஒன்றும் இல்லை. மெஜந்தா நீலத்தை விழுங்குவதில்லை, அப்படியே திருப்பித் தந்துவிடும். கழுத்து ஏறத்தாழ காணாமலே போய், கறுத்த தோகை மட்டும் தனியாக விரிந்து நின்றது.